கிளவுட் வசதிகளைக் கோப்பில் எழுதி உருவாக்கும் டெராஃபார்மில், செய்திகள் காத்திருக்கும் க்யூ அமைத்தவர்களே, இன்னும் உறுத்தும் ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

இரவுப்பணி:
பெயர் விதி என்று ஒன்று மேலிடத்திலிருந்து வந்தது. எல்லா எஸ்க்யூஎஸ் (அமேசானின் க்யூ சேவை) க்யூக்களின் பெயருக்கும் முன்னால், சோதனையா நேரடியா என்று சூழலின் பெயர் வர வேண்டுமாம். சக ஊழியர் ஒரே ஒரு வரியை மாற்றினார். ஒரு வரிதானே என்று சரிபார்த்தவரும் ஒப்புதல் கொடுத்துவிட்டார். என்ன மாறப்போகிறது என்று முன்கூட்டியே காட்டும் பிளானில் கழித்தல், சாய்கோடு, கூட்டல் மூன்றும் சேர்ந்து நின்றதை யாரும் பொருட்படுத்தவில்லை. அதன் பொருள் இங்கே எல்லோருக்கும் தெரியும்: பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டு.

என் மனத்தை விட்டுப் போகாதது, மாற்றத்தைச் செயல்படுத்தும் அப்ளை முடிந்த பிறகு நடந்தது. கண்காணிப்புப் பலகையும் அதே டெராஃபார்மில் எழுதப்பட்டதுதான். அதுவும் சமர்த்தாகப் புதுப் பெயருக்கு மாறிக்கொண்டது. காத்திருக்கும் செய்திகள்: பூஜ்யம். குழுத் தலைவர் திரையைப் பார்த்து, "பரவாயில்லையே, இன்றைக்குத் தேக்கமே இல்லை" என்றார். இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். காலையிலிருந்து தேங்கிக் கிடந்த ஆர்டர்கள் பழைய க்யூவோடு போய்ச் சேர்ந்திருந்தன.

தறி:
எங்களிடம் எதுவும் அழியவில்லை, எதுவும் வரவுமில்லை. எஸ்என்எஸ் (செய்தியைச் சந்தாதாரர்களுக்கு அனுப்பும் அமேசான் சேவை) டாபிக், அதற்கு எஸ்க்யூஎஸ் சந்தா, க்யூவின் அனுமதிக் கொள்கை எல்லாம் சரி. அப்ளையும் பிழையின்றி முடிந்தது. பாதுகாப்புக் குழு கேட்டதால் க்யூவுக்கு கேஎம்எஸ் (அமேசானின் குறியாக்கச் சாவிச் சேவை) குறியாக்கம் போட்டிருந்தார்கள். சாவி, அமேசானே நிர்வகிக்கும் இயல்புச் சாவி. அதன் கொள்கையை நாம் திருத்த முடியாது. எஸ்என்எஸ்ஸுக்கு அதில் இடமும் கிடையாது.

மூத்தவர் ஒருவர் வந்தார். கன்சோலிலிருந்து நேராக க்யூவுக்கு ஒரு செய்தி அனுப்பினார். அது வந்து விழுந்தது. "க்யூ நன்றாகத்தானே இருக்கிறது, உங்கள் நிரலைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவருடைய கணக்குக்கு அந்தச் சாவியைப் பயன்படுத்த அனுமதி உண்டு என்பதுதான் அந்தச் சோதனையில் நிரூபணமான ஒரே விஷயம். அந்த நேரமெல்லாம் அமேசானின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்சில் எஸ்என்எஸ்ஸின் தோல்வி எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. அதற்கு அலாரம் வைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

சாய்கோடு:
இரவுப்பணி, இதற்காகத்தான் லைஃப்சைக்கிளில் பிரிவென்ட் டெஸ்ட்ராய் என்று, அழிப்பதைத் தடுக்கும் பூட்டு ஒன்று இருக்கிறது. அது இருந்திருந்தால் பிளானே பிழை காட்டி நின்றிருக்கும். டெராஃபார்ம் போன்ற அமேசான் கருவியான கிளவுட்ஃபார்மேஷன் பயன்படுத்துகிறவர்களுக்கும் சொல்கிறேன்: டெலீஷன் பாலிசி மட்டும் போதாது. பெயர் மாறி இடித்துக் கட்டும்போது காப்பாற்றுவது அப்டேட் ரிப்ளேஸ் பாலிசி. அதையும் ரிட்டெயின் (அழிக்காமல் வைத்திரு) என்று வைக்க வேண்டும்.

பெயரை மாற்றியே தீர வேண்டுமென்றால் ஒரே அடியில் மாற்றாதீர்கள். புது க்யூவைத் தனி ரிசோர்ஸாகச் சேர்த்து முதலில் அதை மட்டும் அப்ளை செய்யுங்கள். பிறகு செய்தி அனுப்பும் சேவைகளை அதற்குத் திருப்புங்கள். பழையது வற்றும்வரை இரண்டு க்யூக்களிலிருந்தும் வாசியுங்கள். வற்றிய பிறகுதான் பழையதை நீக்க வேண்டும், அதுவும் வேறொரு நாளில். சாதாரண க்யூவை ஃபிஃபோவாக (வந்த வரிசையிலேயே செய்தியைத் தரும் க்யூ) மாற்றுவதும் இதே கதைதான், இருப்பதை மாற்ற முடியாது. பதறிப்போய்ப் பழைய பெயரையே உடனே திரும்பக் கட்டலாம் என்றும் நினைக்காதீர்கள். அழித்த பெயரை மறுபடி பயன்படுத்த 60 வினாடி காத்திருக்க வேண்டும்.

என் அனுபவமா? ஒரே க்யூவுக்கு இரண்டு மாட்யூல்கள் (மறுபடி மறுபடி பயன்படுத்தும் டெராஃபார்ம் தொகுப்புகள்) தனித்தனியே அனுமதிக் கொள்கை எழுதின. எது கடைசியில் ஓடியதோ அது வென்றது. எஸ்3 (அமேசானின் கோப்புச் சேமிப்பு) அறிவிப்புகள் திங்களன்று வரும், செவ்வாயன்று வராது. அவ்வளவுதான்.

இரவுப்பணி:
சாய்கோடு, யோசனைக்கு நன்றி, ஆனால் நான் அதைக் கேட்கவில்லை. எங்கள் க்யூ எல்லாக் குழுக்களுக்கும் பொதுவான மாட்யூலுக்குள் இருந்தது. சோதனைச் சூழலில் தினமும் இடிப்பார்கள், கட்டுவார்கள். அங்கே பூட்டு வேண்டாம், இங்கே வேண்டும் என்று வேரியபிள் வழியாகச் சொல்ல நாங்கள் வைத்திருந்த பதிப்பில் வழியில்லை. மேலும், ரிசோர்ஸ் பிளாக்கையே ஒருவர் கோப்பிலிருந்து நீக்கிவிட்டால் அந்தப் பூட்டும் அதோடு சேர்ந்தே போய்விடும்.

மூன்றாம் மாடி:
என்னுடையது டெட் லெட்டர் க்யூ, அதாவது திரும்பத் திரும்பத் தோற்ற செய்திகளை ஒதுக்கி வைக்கும் க்யூ பற்றியது. மாட்யூலில் முதன்மை க்யூவுக்கும் டெட் லெட்டருக்கும் செய்தியை வைத்திருக்கும் காலம் ஒன்றேதான்: இயல்பான 4 நாள். பொங்கல் விடுமுறைக்கு வாசிக்கும் சேவையை நிறுத்தி வைத்திருந்தார்கள். திரும்பி வந்து ஓடவிட்டதும் செய்திகள் வரிசையாகத் தோற்று டெட் லெட்டருக்குப் போயின. "பத்திரமாக இருக்கின்றன, மதியம் பார்க்கலாம்" என்றார்கள். மதியம் பார்த்தால் காலி.

டெட் லெட்டருக்கு இடம் மாறினாலும் சாதாரண க்யூவில் செய்தியின் வயது முதல் நாளிலிருந்தே கணக்காகிறது. நான்காம் நாளின் விளிம்பில் இருந்தவை அங்கே போய்ச் சில மணி நேரத்தில் காலாவதியாகிவிட்டன. டெட் லெட்டருக்கு மட்டும் 14 நாள் என்று ஓர் எண் வைத்திருந்தாலே போதுமாக இருந்திருக்கும்.

ஆனால் அன்று எழுந்த கேள்வி, "யார் பர்ஜ் செய்தது (மொத்தமாக அழித்தது)?" கன்சோலைக் கடைசியாகத் திறந்திருந்தவர், பணியில் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன ஒரு பெண். "நான் பார்க்க மட்டும்தான் செய்தேன் சார்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். யார் என்ன செய்தார்கள் என்று பதியும் கிளவுட்ட்ரெயிலில் பர்ஜ் அழைப்பு ஒன்றுகூட இல்லை என்று மறுநாள் தெரிந்தது. அவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

சாய்கோடு:
ஒரு திருத்தம். ஃபிஃபோ க்யூவில் அப்படி இல்லை. டெட் லெட்டருக்குப் போகும்போது நேரம் புதிதாகத் தொடங்கும்.

மூன்றாம் மாடி:
சாதாரண க்யூ என்றுதான் எழுதியிருக்கிறேன்.

மாதக்கடைசி:
கூகுள் பக்கம் இருப்பவர்கள் யாரும் இல்லையா? காலாண்டுக்கு ஒரு முறை ஓடும் கணக்கு அறிக்கைக்கு ஒரு பப்சப் (கூகுளின் செய்திச் சேவை) சந்தா வைத்திருந்தார்கள். 31 நாள் யாரும் தொடாவிட்டால் சந்தா தானாகவே காலாவதியாகும், அதுதான் இயல்பு. காலாவதிக் கொள்கையில் டிடிஎல்லை (ஆயுட்காலம்) வெற்றுச் சரமாக வைத்தால் என்றைக்கும் போகாது. அதை எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

இதில் என்னை உறுத்துவது பிளான்தான். கோப்பில் யாரும் எதையும் மாற்றவில்லை, அது மட்டும் "சேர்க்க வேண்டியது 1" என்று அமைதியாகச் சொன்னது. புதிதாகச் சேர்ப்பதில் என்ன ஆபத்து என்று அனுமதித்தார்கள். அதே பெயரில் சந்தா பிறந்தது, வெறும் வயிற்றோடு. முன்பு ஒன்று இருந்தது என்பதற்கான தடயமும் அந்த அப்ளையோடு மறைந்தது.

புதியவன்:
தறி, கடைசியில் எப்படிச் சரிசெய்தீர்கள்? எங்களுக்கும் இப்போது செய்தி எதுவும் வருவதில்லை.

தறி:
சொந்தமாக ஒரு கேஎம்எஸ் சாவி உருவாக்கி, அதன் கொள்கையில் எஸ்என்எஸ் சேவைக்கு ஜெனரேட் டேட்டா கீ, டிக்ரிப்ட் இரண்டு அனுமதிகளையும் கொடுங்கள். ஒன்று மட்டும் போதாது. பிறகு க்யூவை அந்தச் சாவிக்கு மாற்றுங்கள். சோதிக்கும்போது டாபிக்குக்கு அனுப்பிப் பாருங்கள், க்யூவுக்கு அல்ல.