உலர்த்தி வைத்த தயிர் உறை ஏன் செத்தது, வைக்கோல் பற்றீரியா ஏன் பிழைத்தது?

நிலாவெளி டீச்சர்:
உயர்தர உயிரியல் செய்முறைக்காக இரண்டு பற்றீரியாக்களை வடிதாளில் தடவி நிழலில் காயவைத்தேன். ஒன்று கந்தளாய் எருமைத் தயிரிலிருந்து எடுத்தது, மற்றது வைக்கோல் ஊறல் நீரில் வளர்ந்த பசிலஸ். இரண்டையும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு ஒரே போத்தலில் போட்டு ஆய்வுகூட அலுமாரியில் வைத்தேன். மாரி முடிந்து எடுத்தால், பசிலஸ் ஒரே இரவில் அகார் வளர்ப்பூடகத்தில் படர்ந்துவிட்டது. தயிர்த் தாள் போட்ட பால் உறையவே இல்லை. அடுத்தடுத்த வருடப் பிள்ளைகளுக்கும் இவை வேணும். என்ன செய்யலாம்?

மூதூர் வாசி:
ஜெல் இப்போது என்ன நிறம்?

நிலாவெளி டீச்சர்:
நீலமாக இருந்தது, இளஞ்சிவப்பாகிவிட்டது.

உவர்மலை அண்ணா:
அப்படியென்றால் ஈரம் உள்ளே போயிருக்கிறது. ஆனாலும் முக்கிய காரணம் வேறு, டீச்சர். பசிலஸ் அகவித்தி உண்டாக்கும், அதாவது கஷ்டகாலத்தைத் தாங்கக் கலத்துக்குள்ளேயே உருவாகும் உறங்குநிலை வித்தி. தயிர்ப் பற்றீரியா அதை உண்டாக்காது. வித்தியின் மையத்தில் தண்ணீர் மிகக் குறைவு. டிபிகோலினிக் அமிலம் கல்சியத்தோடு சேர்ந்து அங்கே நிறைந்திருக்கும். டி.என்.ஏ.யைச் சிறு புரதங்கள் போர்த்திக் காக்கும். தயிர்ப் பற்றீரியாவுக்கோ காயும்போதே கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வு சிதைகிறது. அதில் தப்பியவற்றையும் நம்மூர் வெக்கையும் ஈரமும் ஒட்சிசனும் மெல்ல மெல்லக் கொன்றுவிடும்.

வித்தியை நம்பித்தான் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் ஆய்வாளர்கள் 2014 இல் 500 வருடப் பரிசோதனை ஒன்றையே தொடங்கினார்கள். பசிலஸ் சப்டிலிஸ் வித்திகளும், வறட்சி தாங்கும் ஒரு நீலப்பச்சைப் பற்றீரியாவும் உலர்ந்த நிலையில் 800 கண்ணாடிக் குப்பிகளில் அடைபட்டிருக்கின்றன. முதல் 24 வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு 25 வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பார்கள். 2514 இல் கடைசிக் குப்பியைத் திறக்கப்போகிறவர்களை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

மூதூர் வாசி:
தயிர் உறையை ஆடை நீக்கிய பாலில் கொஞ்சம் சீனி சேர்த்துக் கலந்து காயவையுங்கள். பாற்புரதமும் சீனியும் மென்சவ்வைக் காக்கும். ஜெல்லை 120 பாகையில் நீலமாகும்வரை சூடாக்கி, புதிய போத்தலில் போட்டு இறுக மூடி பிரீசரில் வையுங்கள். அலுமாரி சரிவராது.

உவர்மலை அண்ணா:
இன்னொன்று. பசிலஸ் வித்தி தூசியிலும் இருக்கும். வளர்ந்தது நீங்கள் வைத்ததுதானா என்று எப்படித் தெரியும்? ஒன்றும் தடவாத வடிதாளையும் கூடவே வைத்துப் பாருங்கள். தாளை ஊறவைத்த நீரை 80 பாகையில் 10 நிமிடம் வைத்த பிறகும் வளர்ந்தால், அதில் வித்தி இருக்கிறது.

நிலாவெளி டீச்சர்:
சரி. வெறும் தாளைக் கிருமி நீக்க பிரஷர் குக்கர் போதுமா?

உவர்மலை அண்ணா:
போதும். விசில் வந்தபின் 20 நிமிடம் விடுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகே போத்தலில் போடுங்கள்.