புது வெளியீடு வந்ததும் பேக்கேஜை உடனே ஏற்றலாமா?

கயல்: ஒரு ரோலிங் டிஸ்ட்ரோவில் (புதிய பதிப்புகள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும் லினக்ஸ் தொகுப்பு) பேக்கேஜ் பராமரிப்பாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். என் பொறுப்பில் இருப்பது ஒரு சின்ன லைப்ரரி. அப்ஸ்ட்ரீமில் (அதை எழுதும் மூலக் குழுவிடம்) அதற்குப் புது வெளியீடு வந்திருக்கிறது. பதிப்பு எண்ணை மாற்றி, செக்சம்மையும், அதாவது கோப்பு மாறியிருக்கிறதா என்று காட்டும் குறியீட்டையும், புதுப்பித்தேன். பில்ட் (மூலநிரலைப் பேக்கேஜாக்குவது) பிழையில்லாமல் முடிந்தது. ஏற்றிவிடலாமா?

விரைவு: தாராளமாக ஏற்றுங்கள். ரோலிங் டிஸ்ட்ரோவுக்கு வருகிறவர்கள் புதியதைத் தேடித்தான் வருகிறார்கள். நாம் தாமதித்தால், எப்போதோ சரிசெய்த பிழைக்குப் பயனர்கள் அப்ஸ்ட்ரீமில் மறுபடி புகார் போடுவார்கள். எழுதியவர்களுக்கு அது பெரிய தலைவலி.

நிதானன்: பில்ட் ஆனது என்றால் உங்கள் பேக்கேஜ் கம்பைல் ஆகிறது, அவ்வளவுதான். லைப்ரரி என்பதால் முதலில் எஸ்ஓநேம் (மற்ற நிரல்கள் லைப்ரரியைத் தேடும் பதிப்புப் பெயர்) பாருங்கள். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ரீட்எல்ஃப் என்ற கருவியில் கொடுத்தால் தெரிந்துவிடும். கடைசி எண் 3-லிருந்து 4 ஆகியிருந்தால், அதைச் சார்ந்த எல்லா பேக்கேஜையும் மறுபடி பில்ட் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அப்டேட் போட்ட மறுநிமிடம் அந்த நிரல்கள் திறக்கவே திறக்காது.

அப்புறம் செக்சம். கருவியை ஓட்டிப் புதுப்பித்தால், இறங்கிய கோப்பு எதுவோ அதன் செக்சம்தான் பதிவாகும். வெளியிட்டவரின் டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபாருங்கள். 2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்இசட் விவகாரத்தை, அந்தச் சுருக்கும் கருவிக்குள் ரகசியப் பின்கதவு வைத்ததை, நினைத்தாலே எனக்கு இன்னும் பதறுகிறது.

விரைவு: எக்ஸ்இசட்டில் அந்த 5.6.0, 5.6.1 டார்பால்களில் (வெளியிடும் மூலநிரல் கட்டுகளில்) கையொப்பம் போட்டதே பின்கதவை வைத்த ஆள்தான். சரிபார்த்திருந்தாலும் தேறியிருக்கும். அனுபவசாலிகளுக்கே தெரியாத ஒன்றைச் சொல்லிப் புதியவரை மிரட்டாதீர்கள். மெதுவாகப் போவதிலும் ஆபத்து உண்டு. 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிவந்தபோது திருத்தத்தைத் தள்ளிப்போட்ட சர்வர்கள் எல்லாம் திறந்து கிடந்தன.

நிதானன்: கையொப்பம் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த டார்பாலில் இருந்த ஒரு எம்4 கோப்பு (பில்டை அமைக்கும் ஸ்கிரிப்ட்) கிட்டில், அதாவது பொது மூலநிரல் களஞ்சியத்தில், இல்லவே இல்லை. இரண்டையும் ஒப்பிட்டிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். ஹார்ட்பிளீட் உங்கள் வாதத்துக்கு உதவாது. ஓப்பன்எஸ்எஸ்எல் 0.9.8-இல் அந்த ஓட்டையே கிடையாது, 1.0.1-இல்தான் வந்தது. டெபியன் 7 என்ற டிஸ்ட்ரோ அதே 1.0.1ஈ பதிப்பிலேயே திருத்தத்தை மட்டும் ஒட்டி வெளியிட்டது. பாதுகாப்புத் திருத்தம் அன்றைக்கே போக வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. பதிப்பு உயர்த்துவது வேறு விஷயம்.

விரைவு: திருத்தத்தை மட்டும் பிரித்து ஒட்ட டெபியனில் தனிக் குழுவே இருக்கிறது. தனியாளாக இருப்பவர் பழைய பதிப்பில் பேட்ச் ஒட்டினால், அப்ஸ்ட்ரீமில் யாரும் சோதிக்காத ஒன்றைத்தான் பயனருக்குக் கொடுப்பார். அதைவிடப் புதிய பதிப்பே மேல். டார்பாலும் கிட்டும் ஒத்துப்போகிறதா என்ற கவலை இருந்தால், டேகிலிருந்து (கிட்டில் அந்த வெளியீட்டைக் குறிக்கும் இடம்) நேராக பில்ட் செய்யலாமே. ஆட்டோகான்ஃப் கருவி தானாக உருவாக்கிய ஆயிரக்கணக்கான வரிகளை உட்கார்ந்து படிக்கச் சொன்னால் யாரும் இந்த வேலைக்கு வர மாட்டார்கள்.

நிதானன்: டேகிலிருந்து பில்ட் செய்வது நல்ல வழி, ஏற்கிறேன். சேஞ்ச்லாக்கையும் (மாற்றங்களின் பட்டியல்) மூலநிரல் டிஃப்பையும் (பழையதுக்கும் புதியதுக்கும் உள்ள வேறுபாடு) ஒருமுறையாவது படியுங்கள் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். லைசன்ஸ் மாறினாலும், புதுச் சார்பு (தேவைப்படும் வேறு பேக்கேஜ்) நுழைந்தாலும் அங்கேதான் தெரியும்.

கயல்: ரீட்எல்ஃபில் பார்த்தேன். எஸ்ஓநேம் மாறியிருக்கிறது. சார்ந்த பேக்கேஜ்களை மறுபடி பில்ட் செய்ததில் ஒன்று உடைகிறது. நீக்கப்பட்ட ஒரு ஃபங்க்ஷனை அது இன்னும் அழைக்கிறது.

விரைவு: அப்படியானால் நேராக ஏற்றச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. எல்லாவற்றையும் சேர்த்து டெஸ்டிங் ரெப்போவில் (சோதனைக்கான பேக்கேஜ் கிடங்கில்) போடுங்கள். ஆனால் அங்கேயே மாதக்கணக்கில் ஊறப்போடாதீர்கள்.

நிதானன்: உடைந்த பேக்கேஜின் அப்ஸ்ட்ரீமுக்கு இன்றே ஒரு பக் போடுங்கள், பிழைச் செய்தியை முழுதாக ஒட்டி. அதற்குத் திருத்தம் வரும்வரை லைப்ரரி டெஸ்டிங்கிலேயே இருக்கட்டும்.