ஒலிவியா சௌ 2014இல் எம்.பி. பதவியை அவ்வளவு முன்னதாக விட்டது ஏன்?

கேள்வி:
கனடாவின் ரொறன்ரோ மாநகர மேயர் ஒலிவியா சௌ 2006 முதல் அந்நகரின் ட்ரினிட்டி-ஸ்படைனா தொகுதிக்கு மத்திய நாடாளுமன்ற எம்.பி.யாக இருந்தவர். 2014 மார்ச்சில் அதைத் துறந்து மேயர் தேர்தலில் இறங்கினார். ஜோன் ரோறி, டக் ஃபோர்ட் இருவருக்கும் பின்னால் மூன்றாவதாகத்தான் வர முடிந்தது. எம்.பி.யாக இருந்துகொண்டே நின்று, வென்றால் மட்டும் விலகியிருக்கலாமே? கவுன்சிலர்கள் மத்திய தேர்தலில் அப்படித்தானே நிற்கிறார்கள்?

மறுமொழி 1:
அந்தப் பக்கம் போகும்போது முடியும், இந்தப் பக்கம் வரும்போது முடியாது. கவுன்சிலர் பதவியில் இருந்தபடியே மத்திய தேர்தலில் நிற்கத் தடை இல்லை. வென்றால்தான் கவுன்சில் இடம் போகும். சௌவே 1997, 2004 இரண்டு தடவையும் அப்படி நின்று தோற்றவர், தோற்றும் கவுன்சிலராகத் தொடர்ந்தார். 2006 தேர்தலுக்குத்தான் இடத்தை விட்டுவிட்டு இறங்கினார்.

ஆனால் ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் மாநகரத் தேர்தல் சட்டத்தில், வேட்புமனு முடியும் நாளன்று பிற்பகல் 2 மணிக்கு நீங்கள் எம்.பி.யாகவோ செனட்டராகவோ மாகாண சட்டமன்ற உறுப்பினராகவோ இருந்தால் மனு செல்லாது. தோற்றால் திரும்பிப்போக இடமில்லை.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி, ஆனால் 'மார்ச்சில் ஏன்' என்பதற்கு அது பதில் ஆகாது. 2014இல் மனு முடிந்தது செப்டம்பர் 12. சட்டப்படி அதுவரை பதவியில் இருந்திருக்கலாம்.

பணத்தைப் பாருங்கள். மனு கொடுக்கும்வரை ஒரு டொலர்கூடச் சேர்க்கவோ செலவழிக்கவோ கூடாது. கொடுத்துவிட்டாலோ, எம்.பி. சம்பளத்தில் மேயர் பிரசாரம் என்ற குற்றச்சாட்டு மாதக்கணக்கில் ஓடும். முன்னதாக விலகியதே சரி என்பது என் கருத்து.

இன்னொன்று: காலியான அந்தத் தொகுதியின் 2014 ஜூன் 30 இடைத்தேர்தலில் வென்ற லிபரல் வேட்பாளர் ஆடம் வோன், ரொறன்ரோ கவுன்சிலராக இருந்தவர். அடுத்த ஆண்டு மத்திய தேர்தலில் ஸ்படைனா-ஃபோர்ட் யோர்க் தொகுதியில் சௌவைத் தோற்கடித்ததும் அவர்தான். ஆனால் 2023 ஜூன் 26 மேயர் இடைத்தேர்தலில் 102 வேட்பாளர்களுக்கு நடுவே ஏறத்தாழ 37 வீதம் எடுத்து சௌ வென்றார்.

மறுமொழி 3:
ஒட்டாவாவில், அதாவது மத்திய நாடாளுமன்றத்தில், இருந்த அனுபவம் மேயருக்கு எதற்கு உதவுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அங்கே சௌ எதிர்க்கட்சியில் இருந்து தேசியப் பொதுப்போக்குவரத்துத் திட்டத்துக்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், நிறைவேறவில்லை. மாநகரசபையில் கட்சிக் கொறடா கிடையாது. மேயரோடு 26 வாக்கு, ஒவ்வொருவராகப் பேசித்தான் பெரும்பான்மை சேர்க்கவேண்டும். அன்றாடச் செலவுக் கணக்கில் துண்டு விழவும் சட்டம் விடாது. மத்திய அரசு கடன் வாங்கிச் சமாளிப்பதைப்போல் இங்கே முடியாது.

2024 வரவு செலவுத் திட்டத்தில் அது தெளிவாகத் தெரிந்தது. முதல் வரைவில் வீட்டுச் சொத்துவரி உயர்வு 10.5 வீதம். அகதிக் கோரிக்கையாளர் தங்குமிடச் செலவை மத்திய அரசு தராவிட்டால் மேலும் 6 வீதம் என்று தனியாக எழுதினார்கள். வரிச் சீட்டில் மத்திய அரசின் பங்கு வெளிப்படையாகத் தெரியும் என்பதுதான் அதன் அழுத்தம். பணம் வந்தது, அந்த 6 வீதம் கைவிடப்பட்டது. இறுதி உயர்வு 9.5 வீதம். அதில் 1.5 வீதம் நகரக் கட்டுமான நிதிக்கு.

கார்டினர், டொன் வலி நெடுஞ்சாலைகளை மாகாணத்திடம் ஒப்படைக்கும் 2023 நவம்பர் உடன்பாடும் இதே வகைதான். அதில் எதிர்ப்பக்கம் இருந்தவர், 2014இல் சௌவை மூன்றாமிடத்துக்குத் தள்ளி, பின்னர் மாகாண முதல்வரான டக் ஃபோர்ட்.