'பேக்ஸ்டாம்ப்': பின்முத்திரையா, அடிமுத்திரையா?

ஐயா, வணக்கம்.

ஜப்பானிய ஏற்றுமதிப் பீங்கான் சொற்பட்டியலில் கலத்தைச் செய்தவர், நாடு ஆகியவற்றைக் காட்டும் 'பேக்ஸ்டாம்ப்' என்பதற்குப் 'பின்முத்திரை' என்று போட்டிருக்கிறீர்கள். தட்டுக்குப் பின்பக்கம் உண்டு, கிண்ணத்துக்கு ஏது? கவிழ்த்து அடியைத்தானே பார்க்கிறோம்! 'அடிக்குறி' என்றால் வாசகர் அடிக்குறிப்பைத் தேடிப் போய்விடுவார். 'அடிமுத்திரை' சரிப்படும்.

என் மேசையில் ஒரு சர்க்கரைக் கிண்ணம் இருக்கிறது. அடியில் பச்சை நிறத்தில் இலைவளையம், உள்ளே 'எம்' எழுத்து, கீழே 'நிப்பான்'. அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டப்படி 1891 முதல் இறக்குமதிச் சரக்கில் உற்பத்தி நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்றானது. 'நிப்பான்' ஜப்பானியச் சொல், 'ஜப்பான்' என்றே போடுங்கள் என்று 1921இல் சுங்கத்துறை மாற்றிச் சொன்னது. ஆக, முத்திரை அசலானால் கிண்ணம் அந்த முப்பதாண்டுக்குள் அடங்கும். 'எம்' என்பது மோரிமுரா நிறுவனம். நொரிட்டாக்கே ஆலைச் சரக்கு. ஆலை தொடங்கியதே 1904இல்தான். இவ்வளவையும் சொல்வது அந்த அடி.

மறுமொழி:

அண்ணா, முத்திரை என்றால் குத்துவது. ஜப்பானின் பீங்கான் ஊரான அரிட்டாவின் 17ஆம் நூற்றாண்டுக் கலங்களில் தூரிகையால் எழுதியிருக்கிறார்களே? அதுவும் சீனத்து மிங் அரசர் செங்ஹுவாவின் ஆட்சிப்பெயரை! அவர் காலம் 1465–1487. அரிட்டாவில் அப்போது பீங்கானே கிடையாது. எழுத்தை நம்பினால் கலம் சீனத்துக்குப் போய்விடும். நான் முதலில் தடவிப் பார்ப்பது அடியிலுள்ள சின்னஞ்சிறு சொரசொரப்புப் புள்ளிகளை. சூளையில் அடி தொய்யாமலிருக்க முட்டுக்கொடுத்த களிமண் கூம்புகளை உடைத்தெடுத்த இடங்கள் அவை. சீனக் கலங்களில் பொதுவாக இராது. பட்டியலில் இதையும் 'முட்டுக்குறி' என்று போட்டிருப்பது தவறு. குறி என்றால் யாரோ வேண்டுமென்று இட்டது. இது தானாக விழுந்தது. 'முட்டுவடு' என்கிறேன். மாவடு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.

மறுமொழி:

முட்டுவடு அருமை, தங்கச்சி. 'முட்டுத்தடம்' என்று எழுத இருந்தேன். தடம் அழியலாம், வடு அழியாது. தூரிகையால் எழுதியதற்கு 'அடியெழுத்து' போதுமே, முத்திரைக்குள் திணிக்க வேண்டாம். ஐயா, பட்டியலில் மூன்று பதிவுகளாகப் பிரித்துவிடுங்கள்: அடிமுத்திரை, அடியெழுத்து, முட்டுவடு. செங்ஹுவா எடுத்துக்காட்டை அடியெழுத்தின் கீழ் சேர்த்து, 'காலம் கணிக்க இதை மட்டும் கொள்ளற்க' என்று ஒரு வரி போடுங்கள்.