ஃபில்லர் ஸ்லாப்: ஓடு உடையாமல் கான்கிரீட் போடுவது எப்படி?

கேள்வி: 12க்கு 14 அடி அறை, 5 அங்குலக் கான்கிரீட் கூரைத் தளம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ஃபில்லர் ஸ்லாப் மாதிரி, தளத்தின் அடிப்பகுதியில் கொஞ்சம் கான்கிரீட்டுக்குப் பதிலாக மங்களூர் ஓடு வைத்துப் போடப்போகிறோம். ஓட்டுக்கு ஓடு எவ்வளவு இடைவெளி விடலாம்?

பதில் 1: 4 அங்குலமாவது விடுங்க. கம்பி அந்தச் சந்தில்தான் ஓடணும், ஓட்டின் மேல் போகக் கூடாது. சந்து குறுகினால் ஜல்லி அடிவரை இறங்காது; பலகை பிரித்ததும் பொந்து பொந்தாகத் தெரியும், கம்பி துருப்பிடிக்கும். 20 மி.மீ. கவர் பிளாக் (கம்பி பலகையில் படாமல் தூக்கி வைக்கும் சிறு கட்டை) கட்டாயம். சுவரை ஒட்டி ஓடு வேண்டாம், அங்கே முழுக் கான்கிரீட். கம்பி அளவைப் பொறியாளர் சொல்லட்டும், மேஸ்திரி கணக்கு போதாது.

பதில் 2: ஓட்டை முந்தின நாளே ஊறப்போடுங்க. காய்ந்த ஓடு கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், மயிரிழை விரிசல் வரும். ஆள் நடக்கப் பலகை போடுங்க; ஓட்டில் மிதித்தால் போச்சு. கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசியும் சந்துக்குள் மட்டும்.

கேட்டவர்: ஒற்றை ஓடா, ஜோடியா? ஃபேன் கொக்கி?

பதில் 1: ஜோடி. உட்புறம் எதிரெதிராக வைத்தால் நடுவே காற்று நிற்கும், மொட்டைமாடிச் சூடு குறையும். கொக்கி, ஒயரிங் பைப் எல்லாம் சந்திலேயே. கான்கிரீட் கொட்டிய பிறகு இடம் மாற்ற முடியாது, முன்கூட்டியே குறித்துவிடுங்க.