ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப் உள்ள பழைய ஆங்கிலேய மூன்று கியர் சைக்கிள்: அடையாளம் காண்பதும் சீர்செய்வதும்

லெஸ்டர்வாசி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். லெஸ்டருக்கு அருகில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தவர்களிடமிருந்து கறுப்பு நிற ஆண்கள் சைக்கிள் ஒன்றை வாங்கியிருக்கிறேன். ஹேண்டில்பாருக்குக் கீழே முன்குழாயில் இருந்திருக்க வேண்டிய பெயர்த்தகடு இல்லை; அது இருந்த இடத்தில் ஆணித்துளைகள் மட்டும் தெரிகின்றன. பெடல் பக்கத்துப் பெரிய பல்சக்கரத்தின் நடுவே விரித்த கை ஒன்றின் உருவம் இருக்கிறது. பின் சக்கரத்தின் நடுவே கியர்களை உள்ளடக்கிய ஹப்பில் (சக்கரக் குடத்தில்) ஸ்டர்மி-ஆர்ச்சர் என்ற பெயரும் ‘ஏடபிள்யூ’ என்ற எழுத்துகளும், அருகே 55, 2 ஆகிய எண்களும் பொறிக்கப்பட்டுள்ளன. டயரின் அளவு 26 × 1 3/8. முன் சக்கரத்தில் 32 ஆரக்கம்பிகளும் பின் சக்கரத்தில் 40 கம்பிகளும் இருப்பதால், இரண்டில் ஒன்று பிற்பாடு மாற்றப்பட்டதோ என்று ஐயுறுகிறேன்.

இது எந்த நிறுவனத்தின் வண்டி, எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதை உறுதியாகச் சொல்ல முடியுமா? மூன்றாம் கியரில் அழுத்தி மிதித்தால் திடீரெனப் பிடிப்பு விட்டுப் பெடல் வெறுமனே சுழல்கிறது. ஹப்பையே மாற்ற வேண்டுமா? சட்டகத்தை மணல் வீச்சால் சுரண்டிப் புதிதாக வண்ணம் பூசுவதுதான் நல்லது என்று ஒரு கடைக்காரர் சொல்கிறார். அதையும் கேட்க விரும்புகிறேன். அடுத்த மாதம் சென்னை செல்கிறேன், அங்கிருந்து வாங்கி வரத் தக்க பாகங்கள் உண்டா?

பழஞ்சக்கரம் எழுதியது:

விரித்த கை ரட்ஜ்-விட்வொர்த் நிறுவனத்தின் சின்னம். பல்சக்கரம் முதலிலிருந்தே அந்த வண்டியில் இருந்ததென்றால், உங்களுடையது ரட்ஜ். ஆனால் 1943-இல் ரட்ஜ் சைக்கிள் வணிகத்தை நாட்டிங்காமில் இருந்த ராலி நிறுவனம் வாங்கிவிட்டது. அதற்குப் பின் வந்த ரட்ஜ் வண்டிகள் ராலி தொழிற்சாலையிலேயே தயாரானவை. 1932-இல் ஹம்பர், 1954-இல் டிரயம்ப், 1957-இல் பிஎஸ்ஏ ஆகியவற்றின் சைக்கிள் பிரிவுகளும் அதே கூரையின் கீழ் வந்தன. ஆகவே பெயர்த்தகட்டை மட்டும் நம்பி ஆங்கிலேய வண்டியை அடையாளம் காண முயல்பவர்கள் எளிதில் ஏமாறுவார்கள். பல்சக்கரத்தில் நாரை இருந்தால் ராலி. முன் போர்க்கின் ஒவ்வொரு காலும் இரண்டு மெல்லிய குழாய்களாகப் பிரிந்து இறங்கினால் ஹம்பர்.

ஹப்பிலுள்ள எண்கள் 1955 பிப்ரவரியைக் குறிக்கின்றன. முதலில் ஆண்டு, பிறகு மாதம். அது ஹப் தயாரான நாள், சைக்கிள் தயாரான நாள் அன்று. பின் சக்கரம் மாற்றப்படவில்லை என்று தெரிந்தால், வண்டி அந்த ஆண்டையோ அதற்குச் சற்றுப் பிந்தைய காலத்தையோ சேர்ந்தது என்று கொள்ளலாம். முன்னே 32, பின்னே 40 என்பது அக்கால ஆங்கிலேய வண்டிகளின் வழக்கமான கணக்கு; பாரத்தின் பெரும்பகுதி பின் சக்கரத்தில் இறங்குவதால் அங்கே கம்பிகளும் கூடுதல். நீங்கள் ஐயத்துக்குக் காரணமாகச் சொன்ன அதுவே இரண்டு சக்கரங்களும் ஒரே தலைமுறையைச் சேர்ந்தவை என்பதற்கு நல்ல சான்று.

தயாரித்த ஆலையை உறுதிசெய்ய ஒரு சோதனை இருக்கிறது. பெடல் கிராங்குகள் சுழலும் அச்சைக் கீழ் அச்சு என்போம்; மற்ற ஆங்கிலேய வண்டிகளில் அதைத் தாங்கும் கோப்பைகளில் அங்குலத்துக்கு 24 திருகுப்புரிகள் இருக்கும்; ராலி ஆலை மட்டும் தன் வழக்கமாக 26 புரிகளை வைத்துக்கொண்டது. முன்குழாய்க் கோப்பையிலும் இதே வேறுபாடு உண்டு. சட்டகத்தில் கீழ் அச்சு அமரும் கூட்டின் அகலம் 68 மி.மீ. என்றால் அது பொது அளவு. 71 அல்லது 76 மி.மீ. என்றால் பெரும்பாலும் ராலி ஆலை. புரி அளக்கும் தகடு விலை மலிவானது. கோப்பையைக் கழற்றாமலேயே பூட்டு வளையத்துக்கு வெளியே தெரியும் புரியில் வைத்துப் பார்க்கலாம்.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கை பிறக்கிறது. பழைய கோப்பைகளில் சிறு குழிகள் இருந்தாலும் அவற்றைத் தூக்கி எறியாதீர்கள். குண்டுகளையும் அச்சையும் மாற்றினாலே வண்டி பல ஆண்டுகள் ஓடும். 24 புரிக் கோப்பையை அந்தக் கூட்டில் வலிந்து ஏற்றினால், ஈடு செய்ய முடியாத சட்டகத்தின் புரியே அழிந்துவிடும்.

யாழ்_லண்டன் எழுதியது:

ஹப்பை மாற்ற வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து. 1936-இல் வெளிவந்த ஏடபிள்யூ ஹப், துவிச்சக்கரவண்டிக்காகச் செய்யப்பட்ட இயந்திரங்களில் மிகவும் நீடித்து உழைப்பவற்றுள் ஒன்று. யாழ்ப்பாணத்தில் றலி, ஹம்பர் வண்டிகள் இரண்டு மூன்று தலைமுறைக்குக் கைமாறி ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த உறுதியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உங்கள் ஹப் தயாரான 1950-களின் நடுவில் ‘எஸ்டபிள்யூ’ என்று வேறொரு ஹப்பும் வந்தது. வழுக்கும் குணத்துக்குப் பேர்போன அது சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. உங்களுடையதில் எழுத்துகள் ஏடபிள்யூ என்பதை மீண்டும் ஒருமுறை துடைத்துப் பாருங்கள்.

வழுக்குவதன் காரணத்தைப் புரிந்துகொள்ள உள்ளே நடப்பதை அறிய வேண்டும். அச்சில் அசையாமல் நிற்கும் 20 பற்களுடைய சூரியச் சக்கரத்தை நான்கு சிறு சக்கரங்கள் சுற்றி வருகின்றன; அவற்றைச் சூழ்ந்து 60 உட்பற்களுடைய வளையம் இருக்கிறது. செயின் அந்த வளையத்தைச் சுழற்றி, சிறு சக்கரங்களைத் தாங்கும் கூண்டிலிருந்து விசை வெளியேறினால் வேகம் முக்கால் பங்காகிறது. அதுவே முதல் கியர். செயின் கூண்டைச் சுழற்றி வளையம் விசையை வெளியே தந்தால் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அது மூன்றாம் கியர். இரண்டாம் கியரில் வளையமே நேரடியாக ஹப்பைச் சுழற்றுகிறது. எதைப் பற்ற வேண்டும் என்பதைச் சிலுவை வடிவான ஒரு பற்றி முடிவுசெய்கிறது. கேபிள் அதை ஒரு பக்கம் இழுக்க, ஒரு சுருள்வில் எதிர்ப்பக்கம் தள்ளுகிறது.

கேபிள் தளர்ந்திருக்கும்போதுதான் மூன்றாம் கியர் விழும் என்பதைக் கவனியுங்கள். கேபிள் சற்று இறுக்கமாக இருந்தாலோ, காய்ந்து பிசினான எண்ணெய் பற்றியை நகர விடாமல் பிடித்தாலோ, அது கூண்டின் முளைகளை விளிம்பில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். பாரம் ஏறியவுடன் நழுவும். இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவே எதையும் பற்றாத வெற்றிடம் ஒன்றும் இந்த ஹப்பில் உண்டு. சரிசெய்து முடிக்கும்வரை எழுந்து நின்று மிதிக்க வேண்டாம். அந்த வெற்றிடத்தில் கால் விழுந்தால் ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேலாக வீசப்படலாம்.

முதலில் எண்ணெய். ஹப்பின் நடுவில் சிறு மூடி இருக்கும். அதன் வழியாக எஸ்ஏஇ 20 அல்லது 30 தர எண்ணெயை இரண்டு தேக்கரண்டி விட்டு, வண்டியை ஒரு பக்கம் சாய்த்து ஓர் இரவு வைத்து, மறுநாள் சக்கரத்தைச் சுழற்றுங்கள். தையல் இயந்திரத்துக்குப் போடும் மெல்லிய எண்ணெய் வேண்டாம். அவற்றில் சில காலப்போக்கில் பிசினாகி, இதே நோயைத் திரும்பக் கொண்டுவரும்.

அடுத்து கேபிள். நெம்புகோலை இரண்டாம் கியரில் வையுங்கள். வலப்பக்க அச்சு நட்டில் ஒரு சிறு துளை சாளரம்போல் இருக்கும். அதன் வழியாகப் பார்த்தால், கேபிளோடு இணையும் சிறு சங்கிலி பொருந்தியுள்ள தண்டின் தோள் அச்சின் நுனியோடு சமமாக நிற்க வேண்டும். அப்படி நிற்கும்வரை திருகிச் சரிசெய்து பூட்டுங்கள். பெரும்பாலான ‘பழுதான’ ஹப்புகள் இந்த இரண்டு வேலைகளோடு குணமாகிவிடுகின்றன. இரண்டாம், மூன்றாம் கியர்களில் மிதிக்கும்போது டிக் டிக் என்று கேட்பதும், முதல் கியரில் அது நின்றுபோவதும் நல்ல உடல்நலத்தின் அறிகுறிகள்.

இவ்வளவு செய்தும் வழுக்கினால் மட்டுமே திறந்து பார்க்க வேண்டும்; அப்போது பற்றியின் முனைகள் தேய்ந்து உருண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். திரும்பப் பூட்டும்போது வலப்பக்கக் கோனை (குண்டுகளை அணைக்கும் கூம்பு நட்டை) விரலால் இறுக்கி அரைச் சுற்று தளர்த்தி நட்டைப் பூட்டுவது முறை; சக்கரத்தின் ஆட்டத்தை இடப்பக்கக் கோனால் மட்டுமே சரிசெய்ய வேண்டும். அச்சு சுழலாமல் காக்கும் பல்வைத்த வாஷர்களை மறந்துவிடக் கூடாது.

எண்ணெய்க்குப்பி எழுதியது:

மேலே இருவரும் சொன்னவற்றோடு உடன்படுகிறேன். வண்ணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் திரும்பப் பெற முடியாத இழப்பு இங்கேதான் நேர்கிறது. கறுப்பு எனாமலின் மேல் தூரிகையால் இழுத்த தங்கக் கோடுகளும், ஒட்டு முத்திரைகளும் ஒருமுறை சுரண்டப்பட்டால் போனவைதாம். புதுப் பூச்சு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், எழுபது ஆண்டுகள் வாழ்ந்த மேற்பரப்பை அது அழித்துவிடுகிறது. கடைக்காரரின் ஆலோசனையைத் தயவுசெய்து ஏற்க வேண்டாம். பெயர்த்தகடு போயிருக்கும் நிலையில், அந்தக் கோடுகளும் முத்திரைகளின் எச்சமும்தான் உங்கள் வண்டியின் மிஞ்சிய சாட்சியங்கள்.

மென்மையான சோப்பு நீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தோய்த்த துணியால் தேய்த்தால் கறுப்பு எவ்வளவு மீள்கிறது என்று பாருங்கள். பிறகு கார் மெழுகு போதும். முத்திரைகளின் மேல் கரைப்பான் எதுவும் படக் கூடாது. குரோமியத்தின் துருவுக்கு, சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி நீரில் நனைத்துத் தேய்ப்பதே பாதுகாப்பான முறை. அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது என்பதால் கீறாது. முற்றிலும் துருவேறிய தனிப் பாகங்களை ஆக்சாலிக் அமிலக் கரைசலில் ஊற வைக்கலாம், ஆனால் கையுறை அவசியம். பூச்சுள்ள பாகத்தை அதில் போட வேண்டாம். பின் மட்கார்டில் வெள்ளைப் பட்டை இருந்தால் அதையும் அப்படியே விடுங்கள்.

தோல் இருக்கை புரூக்ஸ் என்றால், எண்ணெயில் ஊற வைத்து மென்மையாக்க முயலாதீர்கள், தோல் தொய்ந்துவிடும். அந்நிறுவனத்தின் மெழுகை அடியிலும் மேலும் மெல்லியதாகத் தடவினாலே போதுமானது.

லெஸ்டர்வாசி எழுதியது:

மிக்க நன்றி. எழுத்துகள் ஏடபிள்யூ-தான். கீழ் அச்சுக் கூட்டை அளந்தேன், 71 மி.மீ. இருக்கிறது. எண்ணெய் விட்டுக் கேபிளைச் சரிசெய்த பின் மூன்றாம் கியர் உறுதியாகப் பிடிக்கிறது. மணல் வீச்சு எண்ணத்தையும் கைவிட்டேன். கிராங்கைக் கழற்றிக் கீழ் அச்சைச் சுத்தம் செய்ய நினைக்கிறேன். கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின்னைச் சுத்தியலால் தட்டலாமா? மேட்டில் ஏறுவதும் கடினமாக இருக்கிறது.

பழஞ்சக்கரம் எழுதியது:

71 மி.மீ. என்றால் நாட்டிங்காம் ரட்ஜ் என்று நம்பிக்கையோடு சொல்லலாம்.

காட்டர் பின்னைத் தட்ட வேண்டாம். அதற்கென்றே உள்ள அழுத்தியால் தள்ளி எடுங்கள். அதிர்ச்சி குண்டுகளின் வழியாகக் கோப்பையில் இறங்கி அந்த 26 புரிக் கோப்பையையே குழிப்படுத்தும். புதுப் பின் 9.5 மி.மீ. விட்டத்தில் இருக்க வேண்டும்; அதன் தட்டை முகத்தை அரத்தால் இழைத்து இரு பக்கமும் ஒரே அளவு ஏறச் செய்யுங்கள். இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும், இல்லையென்றால் கிராங்குகள் ஒரே கோட்டில் நிற்கா. சில மைல்கள் ஓட்டியபின் மறுபடி அழுத்தி இறுக்குங்கள்.

சென்னையில் எளிதில் கிடைப்பது கேபிளுக்குப் பதில் இரும்புத் தண்டுகளால் இயங்கும் பிரேக் உள்ள வண்டிகளுக்கான 28 × 1 1/2 டயர். அதன் விளிம்பு விட்டம் 635 மி.மீ., உங்கள் ரிம்முக்கு வேண்டியது 590. எழுத்தில் 26 என்று இருப்பதை மட்டும் நம்பாமல் டயரின் பக்கத்தில் 590 என்ற எண்ணைத் தேடுங்கள். பிரேக் கட்டைகளை இங்கேயே நல்லதாக வாங்குங்கள்; குரோமிய ரிம் மழையில் மிகவும் வழுக்கும், அந்தக் காலத்திலும் அப்படித்தான்.

மேட்டுக்கு எளிய தீர்வு பின் பல்சக்கரம். இவ்வண்டிகளில் பெரும்பாலும் முன்னே 46, பின்னே 18 பற்கள்; பெடல் ஒரு சுற்றுக்கு இரண்டாம் கியரில் சக்கரம் ஏறத்தாழ 2.6 முறை சுழலும். பின்னே 22 பற்கள் வைத்தால் முதல் கியர் 1.6 ஆகத் தணியும். மூன்றாம் கியர் 2.8 ஆகி, இப்போதுள்ள இரண்டாம் கியரைவிடச் சற்றே கனமாக நிற்கும். மூன்று காடிகளில் அமர்ந்து ஒரு வளையக் கம்பியால் பிடிக்கப்பட்ட வகையென்றால் திருப்புளியால் கம்பியை நெம்பிச் சில நிமிடங்களில் மாற்றலாம். செயின் சில கண்ணிகள் நீளமாக வேண்டியிருக்கும். பழைய 18 பல்லை எண்ணெய் தடவிய காகிதத்தில் சுற்றி வண்டியோடு வைத்திருங்கள்.