16 மாத மகனுக்கும் 13 வயது மகளுக்கும் ஒரே சமயத்தில் இரத்தச்சோகை: பாலும் தேநீரும் காரணமாகுமா?

வேம்பு நிழல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு 16 மாதம் ஆகிறது. மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். மகன் சில வாரங்களாகச் சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டி வாயில் போடுவதைக் கண்டு குழந்தை மருத்துவரிடம் கொண்டு சென்றபோது, அவனுடைய ஹீமோகுளோபின் 8.9 என்று முடிவு வந்தது. எப்போதும் களைப்பாகவே இருக்கும் மகளையும் மறுவாரம் பரிசோதித்தோம், அவளுக்கு 10.2.

எங்கள் வீட்டில் கறவை மாடு இருப்பதால் மகன் ஏழாம் மாதத்திலிருந்தே பசும்பால் குடிக்கிறான். சோற்றை மறுக்கும்போதெல்லாம் பாலைக் கொடுத்துப் பழக்கியதில், இப்போது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கிறான். மகள் காலையில் தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைக் குமட்டுகிறது என்று பல வாரங்களாக விழுங்காமலே எறிந்திருக்கிறாள் என்பது இப்போதுதான் எனக்குத் தெரியவந்தது.

மகனுக்கு இரும்புச்சத்துச் சொட்டு மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் மலம் கறுப்பாகப் போனதால், என் மாமியார் அஞ்சி மருந்தை நிறுத்தச் சொல்கிறார். இவ்வளவு பால் குடிக்கும் பிள்ளைக்கு இரத்தம் குறையும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. எனக்கும் அது புரியவில்லை. மருந்தைத் தொடரலாமா? இருவரின் உணவிலும் எதை மாற்ற வேண்டும்?

ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர்

அம்மா, முதலில் மருந்தை நிறுத்தாதீர்கள். உடல் ஏற்றுக்கொண்டது போக மிஞ்சிய இரும்பு வெளியேறுவதால்தான் மலம் கறுக்கிறது. அதனால் குழந்தைக்கு எந்தத் தீங்கும் இல்லை என்பதை உங்கள் மாமியாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

உங்கள் மாமியாரின் ஐயத்தை நான் 30 ஆண்டுகளாகப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். பால் சுண்ணாம்புச்சத்தும் புரதமும் நிறைந்த உணவு என்பதில் மறுப்பில்லை. ஆனால் ஒரு லிட்டர் பசும்பாலில் இருக்கும் இரும்பு ஏறக்குறைய அரை மில்லிகிராம்தான். தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தை சேர்த்து வைத்த இரும்பு ஏறத்தாழ ஆறு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் தாய்ப்பாலோடு பருப்பு, கீரை, முட்டை, இறைச்சி ஆகியவற்றிலிருந்துதான் இரும்பு வந்தாக வேண்டும். அந்த நேரத்தில் வயிறு முழுவதையும் பால் நிரப்பிவிட்டால் குழந்தை சோற்றைத் தொடாது என்பதோடு, உண்ணும் சிறிதளவு உணவிலுள்ள இரும்பையும் பாலின் சுண்ணாம்புச்சத்து உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. ஒரு வயதுக்கு முன் பசும்பால் குடிக்கும் சில குழந்தைகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவில் குடலில் இரத்தக் கசிவும் ஏற்படுவதால்தான், ஒரு வயது நிறையும்வரை அதைக் குடிபாலாகத் தர வேண்டாம் என்கிறோம். சுவரைச் சுரண்டித் தின்பதும் இரும்புக் குறைவின் அடையாளமாகவே பெரும்பாலும் இருக்கும்; இரும்பு ஏறத் தொடங்கினால் அந்தப் பழக்கம் தானாகவே நின்றுவிடுவதைப் பல குழந்தைகளிடம் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, பாலை அரை லிட்டருக்கு மேற்போகாமல் குறைத்து, உணவுக்குப் பிறகு மட்டும், புட்டியில் இல்லாமல் தம்ளரில் கொடுங்கள். சொட்டு மருந்தைப் பாலோடு கலக்காமல், இரண்டு உணவுகளுக்கு இடையே, நாக்கின் பின்பகுதியில் விடுங்கள். பல்லில் கறை படியாது. ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை செய்யும்போது ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1 கிராமாவது உயர்ந்திருக்க வேண்டும். உயராவிட்டால், மருந்து சரியாகப் போகிறதா, தலசீமியா போன்ற பரம்பரைக் காரணம் உண்டா என்று மருத்துவர் ஆராய்வார். அளவு சரியானதும் நிறுத்திவிடுவதுதான் பெற்றோர் செய்யும் பெரிய தவறு. உடலின் சேமிப்பு நிரம்ப, அதற்குமேலும் இரண்டு மூன்று மாதங்கள் மருந்து தொடர வேண்டும்.

இது உங்கள் வீட்டில் மட்டும் உள்ள குறை என்று வருந்த வேண்டாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச்சோகை இருந்தது.

பள்ளி ஆசிரியை

சகோதரி, எங்கள் பள்ளியில் நீல மாத்திரை வழங்கும் பொறுப்பு என்னிடம் இருப்பதால் உங்கள் மகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகளுக்குத்தான் அந்த மாத்திரை அதிகம் குமட்டுகிறது. மதிய உணவு முடிந்து சிறிது நேரத்திற்குப் பிறகு என் கண்முன்னே விழுங்கச் செய்யத் தொடங்கிய பிறகு, எறிவது பெருமளவு குறைந்தது. அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. ஆனால் அது இரத்தச்சோகை வராமல் காப்பதற்கான வாராந்தர அளவு. 13 வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தாலே இரத்தச்சோகை என்பதால், 10.2 உள்ள உங்கள் மகளுக்குத் தினசரி மாத்திரை தேவைப்படும். அதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இன்னொன்றையும் தாயாக நீங்கள்தான் கேட்க முடியும். மாதவிடாய் எத்தனை நாள் நீடிக்கிறது, ஒரு நாளில் எத்தனை முறை துணி மாற்ற வேண்டியிருக்கிறது என்பதை அவள் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருக்கலாம். உயரம் கூடும் இந்த வயதில் அதிகப்படியான இரத்தப்போக்கும் சேர்ந்தால், உணவால் மட்டும் அதை ஈடுகட்ட முடியாது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரப்படும் குடற்புழு மாத்திரையையும் இருவரும் தவறவிட வேண்டாம். கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சி வாழ்வது.

இரு பேரப்பிள்ளைகளின் பாட்டி

என் பேரனுக்கும் இதே நிலைதான் இருந்தது. நானும் உங்கள் மாமியாரைப் போலவே பாலை நம்பியவள் என்பதால், அவர் மனம் எனக்குப் புரிகிறது. பாலைக் குறைத்த முதல் நான்கு நாட்கள் அவன் அழுததைப் பார்க்கவே முடியவில்லை. ஐந்தாம் நாள் பருப்புச் சோற்றை அவனாகவே கையை நீட்டிக் கேட்டான். முருங்கைக்கீரை மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். கீரையிலுள்ள இரும்பு உடலில் குறைவாகத்தான் சேரும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். அதனால் கீரைச் சோற்றில் எலுமிச்சைச் சாறு பிழிந்தும், பெரியவளுக்கு நெல்லிக்காய் கொடுத்தும் வந்தோம். நீங்கள் அசைவம் உண்பவர்களானால், ஆட்டுச் சுவரொட்டியை (மண்ணீரலை) நன்கு வேகவைத்து வாரம் ஒருமுறை கொடுங்கள். உங்கள் மகளின் காலைத் தேநீரை உணவிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள்.

வேம்பு நிழல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவர் ஐயாவின் பதிலை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். நாளையிலிருந்து பாலைத் தம்ளரில் அவரே அளந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். மகளிடம் தனியாகப் பேசியதில், மாதவிடாய் ஒன்பது நாள் வரை நீடிப்பதை முதன்முறையாகச் சொன்னாள். இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன். மகளின் மாத்திரையும் மகனின் மருந்தும் இப்போது ஒரே அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. அதில் ஏதேனும் கவனிக்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர்

இன்றே அவற்றை எடுத்துப் பூட்டக்கூடிய உயரமான இடத்தில் வையுங்கள். பெரியவர்களின் இரும்பு மாத்திரைகளை மிட்டாய் என்று எண்ணிச் சிறு குழந்தைகள் விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்தாகும். அப்படி நேர்ந்தால் குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் காத்திருக்காமல், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மகளுக்கு ஒன்பது நாள் நீடிப்பதைப் பற்றி மருத்துவரிடம் சொல்லும்போது, எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்பதைத் தேதியோடு எழுதிக் கொண்டுபோங்கள்.